காந்தம் போட்டால் பேனா இறங்குகிறது

1999 ஜூன் 7, திங்கள்

கரண்ட் விட்டால் காந்தம் சூடாகிறது, ஆனால் புகையவில்லை. இதையே வெற்றி என்று எழுதி வைக்கிறேன். போன தடவை சுற்றிய சுருள் கருகியபோது கிளம்பிய நாற்றம் எங்கள் வேதியியல் துறைக்குள் இன்னும் குடியிருக்கிறது. இந்தத் தடவை கம்பியை நானே சுற்றினேன். ஜன்னத் பீவி எதிரே உட்கார்ந்து இழுத்துப் பிடித்தாள். எம்.ஃபில் படிக்க வந்தவள், பாவம், என் அறைக்கு வந்து மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் கிளாட்சன் சார் வந்து சுருளைத் தட்டிப் பார்த்தார். "மோட்டார் காயில் கட்டுறவங்க எல்லாம் ஒன்கிட்ட வந்து கத்துக்கணும்" என்றார். அவர் என் ஆய்வு வழிகாட்டி. வருஷத்துக்கு ஒருமுறைதான் பாராட்டுவார். இந்த வருஷத்துக்கு உள்ளது வந்து சேர்ந்துவிட்டது.

பூதலூர் பாசஞ்சரில் வீட்டுக்கு வந்தேன். கையில் ஒட்டிய வார்னிஷ் சோறு சாப்பிடும்போதும் போகவில்லை.

ஜூன் 13, ஞாயிறு

தம்பி நெடுமாறன் சென்னையிலிருந்து ஃபோன் செய்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில், இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் மெஷின்கள் குழம்பிவிடாமல் இருக்க நிரல் திருத்துகிற வேலை.

"அக்கா, ஜனவரி பேட்ச்சுக்கு எங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்க. கெமிஸ்ட்ரி, பாட்டனி எது படிச்சிருந்தாலும் சரி. ஆறு மாசம் ட்ரெய்னிங், அப்புறம் அமெரிக்கா. இன்னும் எத்தன வருஷம் அந்தக் காந்தத்தக் கட்டிக்கிட்டு அழுவ?"

கோபத்தில் வாய் விட்டுவிட்டேன். டிசம்பருக்குள் என் காந்தம் சொன்னதைச் செய்யாவிட்டால் ஜனவரியில் வந்து உன் கம்பெனியில் சேருகிறேன் என்று. அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அப்பாவிடமும் அம்மாவிடமும் அப்போதே சொல்லிவிட்டான்.

"அப்படி என்னதாண்டி பண்ற அங்க?" என்றார் அம்மா, முறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். சொன்னேன். பைரீன் என்று ஒரு பொருள், அதற்கு ஒரு கூட்டாளிப் பொருள். இரண்டையும் ஒரே திரவத்தில் கரைத்து வெளிச்சம் காட்டினால், பைரீன் ஒரு எலக்ட்ரானைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு விலகும். இப்போது இரண்டிடமும் துணையில்லாத எலக்ட்ரான் ஒவ்வொன்று. அவை எதிரெதிராகச் சுழன்றால் ஜோடி திரும்பச் சேர்ந்து நீலப்பச்சையாக ஒளிரும். ஒரே பக்கமாகச் சுழன்றால் சேர முடியாது. ஒளிராமலே போய்விடும். சும்மா விட்டால் சுழற்சி இப்படியும் அப்படியும் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் காந்தம் இருந்தால் அந்த மாற்றம் குறையும், சேருகிற ஜோடிகள் கூடும், வெளிச்சமும் கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் அளக்க வேண்டும்.

"சேந்தா வெளிச்சம், பிரிஞ்சா இருட்டு. இதுக்கா அஞ்சு வருஷம்?" என்று அம்மா முறத்தைத் தட்டினார்.

ஜூலை 1, வியாழன்

பேனா அசைந்தது!

வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றுகிற குழாய், அதிலிருந்து வரைபடத் தாளில் ஓடும் பேனா. வெளிச்சம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். காந்தத்தின் சுவிட்சைப் போட்டேன். பேனா இறங்கியது. நிறுத்தினேன், ஏறியது. போட்டேன், இறங்கியது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. ஜன்னத் பீவி கைதட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பிறகுதான் உறைத்தது. உலகத்தில் மற்றவர்கள் எல்லோருக்கும் காந்தம் போட்டால் வெளிச்சம் கூடுகிறது. கட்டுரைகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது. எங்களுக்குக் குறைகிறது.

சார் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது புதுசும்மா. இத யாரும் பாக்கல" என்றார். இந்த வருஷத்தின் இரண்டாவது பாராட்டு. விதியே உடைந்துவிட்டது.

ஜூலை 20, செவ்வாய்

ஏன் குறைகிறது என்பதற்கு ஒரு விளக்கம் கட்டிவிட்டோம். நாங்கள் கலக்கும் கரைப்பான்தான் காரணம் என்று நான்கு பக்கம். எழுதி முடித்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. டிசம்பரில் பெங்களூரில் நடக்கும் கருத்தரங்குக்கு அனுப்பியாயிற்று.

ஆகஸ்ட் 19, வியாழன்

ஏற்றுக்கொண்டார்கள்! சனிக்கிழமையே கடிதம் வந்துவிட்டது. சுவரில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்கிற வகை இல்லை, மேடையேறிப் பேச வேண்டும். எங்கள் கல்லூரியிலிருந்து இதுவரை ஒருவர்கூட அங்கே பேசியதில்லை. சார் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாஸ்டர் வரைக்கும் சொல்லிவிட்டாராம். வீரையன் மகள் பூவிழி பெங்களூரில் பேசப் போகிறாள் என்று அப்பா டீக்கடையில் சொன்னதாக அம்மா சொன்னார். எங்கள் தெருவில் மேடையில் பேசியவர்கள் எல்லாம் தேர்தலுக்குப் பேசியவர்கள்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை.

செப்டம்பர் 3, வெள்ளி

எப்படி எழுதுவது.

காலையில் அவசரமாகக் கரைசல் தயாரித்தேன். வழக்கம்போல நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை விரட்டினேன், வைத்தேன், காந்தத்தைப் போட்டேன். பேனா இறங்கியது, அதே பன்னிரண்டு. பத்து தடவை போட்டு நிறுத்தி, அழகான தாள். கழுவப் போகும்போது பார்க்கிறேன், கூட்டாளிப் பொருளின் பாட்டில் அலமாரியில் சீல் பிரிக்காமல் இருக்கிறது. பழைய பாட்டில் நேற்றே தீர்ந்துவிட்டது. நான் கூட்டாளியைப் போடவே இல்லை.

ஜோடியே இல்லாத கரைசல். பைரீன் தனியாகவும் ஒளிரும், ஆனால் அந்த ஒளியைக் காந்தம் தொடாது. பிறகு எந்த ஜோடிக்காகப் பேனா இறங்கியது?

செப்டம்பர் 4, சனி

எழுத விஷயம் இருக்கிறது. எழுத மாட்டேன்.

செப்டம்பர் 6, திங்கள்

சாரிடம் சொன்னேன். "பாத்திரம் சரியா கழுவியிருக்க மாட்ட. பழச கொஞ்சம் ஒட்டியிருக்கும்" என்றார். கரைசலையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஜன்னத் பீவியின் டார்ச் லைட்டைக் காகிதம் சுற்றி மங்கலாக்கி வைத்தேன். காந்தத்தைப் போட்டேன்.

பேனா இறங்கியது. டார்ச் லைட்டுக்கு!

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒளியை அளக்கிற குழாய்க்குள்ளும் எலக்ட்ரான்கள்தானே ஓடுகின்றன? காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அவை வழி தவறும், குழாய் குறைத்துச் சொல்லும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இருவரும் படித்திருக்கிறோம். குறைந்தது வெளிச்சம் அல்ல, எங்கள் குழாயின் பார்வை. அது புதுக் கண்டுபிடிப்பாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டதில் ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சு. நாலு பக்கம் விளக்கம் வேற! கரைப்பானாம், காரணமாம்!

அவமானத்தில் காது சுடுகிறது.

செப்டம்பர் 8, புதன்

சார் என்னையும் கூட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். கருத்தரங்கை நடத்துபவர் டாக்டர் பஞ்சநதம், பெங்களூரில் பெரிய ஆய்வு நிலையத்தில் இருப்பவர், கும்பகோணத்துக்காரர். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சாரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாங்க அனுப்புனது தப்புங்க. ஆமாங்க, முழுக்கத் தப்பு" என்று சத்தமாகவே சொன்னார். பூத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்து, "நவம்பர் கடைசி வரைக்கும் எடத்த வச்சிருக்காராம். சரியான கிராஃப் வந்தா பேசலாம். இல்லன்னா பேர அடிச்சிடுவாராம்" என்றார். பிறகு, "கொஞ்சம் சிரிச்சாரும்மா" என்றும் சொன்னார்.

சிரிக்கட்டும். நவம்பர் கடைசி வரைக்கும் சிரிக்கட்டும்.

செப்டம்பர் 12, ஞாயிறு

வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்ததில்லை.

குழாயைக் காந்தத்திலிருந்து தூரமாகக் கொண்டுபோக வேண்டும். எங்கள் அறையில் தூரம் இல்லை. பக்கத்து ஸ்டோர் ரூமில் இருக்கிறது. நடுவில் சுவர். துளை போட அனுமதி கேட்டதற்கு, ஆணி அடிக்கவே நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் போட வேண்டும் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். இன்று கோயில் முடிந்ததும் சார் வெள்ளைச் சட்டையோடு நேரே வந்தார். கையில் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய உளியும் சுத்தியலும்.

"சார், அனுமதி?"

"கேட்டாச்சு. வராதுன்னும் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன?"

பழைய காலத்துச் சுவர். லேசில் கொடுக்கவில்லை. மூன்று பேரும் மாற்றி மாற்றி இடித்தோம். சார் கீர்த்தனை பாடிக்கொண்டே அடித்தார். அடி விழுகிற இடத்தில் தாளம் சரியாக விழுந்தது. மறுபக்கத்து இருட்டு தெரிந்தபோது ஜன்னத் பீவி ஸ்டோர் ரூமுக்கு ஓடி, அந்தத் துளை வழியாகக் கையை நீட்டி என் மூக்கைப் பிடித்தாள்.

இனி வெளிச்சம் மட்டும் லென்ஸ் வழியாகச் சுவரைத் தாண்டிப் போகும். ஒளியை அளக்கிற குழாய் ஸ்டோர் ரூமில், போர்வெல் கடையில் வாங்கிய இரும்புக் குழாய்த் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, அதற்குள் பத்திரமாக இருக்கும். இரும்பு தன் மேலேயே காந்தத்தை வாங்கிக்கொள்ளும்.

செப்டம்பர் 13, திங்கள்

பிரின்சிபால் வந்து துளையைப் பார்த்தார். "மாட்டியிருந்த சார்ட்டக் கழட்டுனோம் சார், கூடவே வந்துடுச்சு" என்றார் கிளாட்சன் சார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். பிரின்சிபால் துளைக்குள் குனிந்து பார்த்துவிட்டு, தீபாவளி லீவுக்குள் பூசிவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 17, வெள்ளி

டார்ச் லைட்டை வைத்துக் காந்தத்தைப் போட்டேன். பேனா நேர்கோடு. ஆட்டமே இல்லை. குழாய் திருந்திவிட்டது.

பிறகு உண்மையான கரைசல், கூட்டாளியோடு. கோடு நடுங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது, காந்தம் போட்டாலும் போடாவிட்டாலும். எதுவும் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 1, வெள்ளி

ஒன்றுமில்லை.

அக்டோபர் 5, செவ்வாய்

காரணம் தெரிந்துவிட்டது, தெரிந்து என்ன செய்ய? எங்கள் கல்லூரி வயல்களுக்கு நடுவில். அதே கரண்ட் லைனில் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் அத்தனையும். சம்பா நடவு நேரம். ஒரு மோட்டார் ஓட ஆரம்பித்தால் கரைசலுக்கு வெளிச்சம் காட்டுகிற என் விளக்கு மங்கும், ஒன்று நின்றால் பளிச்சிடும். நான் தேடுகிற மாற்றத்தைவிட இந்த ஆட்டம் பெரிது. ஸ்டெபிலைசர் தன்னால் ஆனதைச் செய்கிறது.

நெடுமாறன் கம்பெனியின் விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறான். அதைப் பிரித்துப் பார்த்தேன் என்பதைக்கூட இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. போய்விடலாமா? ஏசி ரூம், ஆடாத கரண்ட். அங்கே போனால் நான் யார்? இங்கேயும் இப்போது யார், டார்ச் லைட்டிடம் ஏமாந்தவள்தானே.

அக்டோபர் 17, ஞாயிறு

அப்பாவின் குறுவை அறுத்து ரோட்டில் காய்கிறது. குத்தகை நிலம் என்றாலும் இந்த முறை நல்ல விளைச்சல். நானும் காலால் நெல்லைத் துழாவிவிட்டேன். தெற்கே மேகம் கருக்கலாக இருந்தது. மழை வந்தால் மோட்டார்கள் நிற்கும், மோட்டார்கள் நின்றால் கரண்ட் ஆடாது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நெல்லு ரோட்டுல கெடக்கு, மழ வேணுங்குற. ஒனக்குச் சோறு போட்டு வளத்தேன் பாரு!"

அப்பா சிரித்தார். "ரெண்டு நாளு பொறுக்கச் சொல்லு. மூட்டையாக்கிடுறேன். அப்பறம் ஒன் மழ எம்புட்டு வேணாலும் பேயட்டும்."

அக்டோபர் 20, புதன்

நேற்று மாலை கடைசி மூட்டையும் வீட்டுக்குள் வந்தது. இன்று விடியும்போதே பிடித்துக்கொண்டது மழை. பாசஞ்சரில் ஜன்னலோரம் நனைந்துகொண்டே போனேன். வழி நெடுக ஒரு மோட்டார் சத்தம் இல்லை.

வெள்ளைத் தாளில் பேனா கோடு போட்டது, ரூலர் வைத்து இழுத்ததைப் போல. காந்தத்தைப் போட்டேன்.

ஏறியது.

நிறுத்தினேன், இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது. போட்டேன், ஏறியது. நூற்றுக்கு நான்கு பங்கு. கூட்டாளி இல்லாத கரைசலை வைத்தேன், அசையவில்லை. டார்ச்சை வைத்தேன், அசையவில்லை. மறுபடி கூட்டாளி, மறுபடி ஏற்றம். எல்லோருக்கும் ஏறுவது எங்களுக்கும் ஏறுகிறது! புதிதாக ஒன்றும் இல்லை. ஊர் உலகத்துக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் நான் சுற்றிய கம்பியில், நாங்கள் இடித்த துளை வழியாக, அந்த ஜோடி சேர்வதை என் கண்ணால் பார்த்தேன். அழுதேன். சார் குடையை மடக்காமலே உள்ளே ஓடிவந்து தாளைப் பார்த்தார், தாளெல்லாம் தண்ணீர்.

"காயட்டும், காயட்டும். இது அழியாது" என்றார்.

அக்டோபர் 22, வெள்ளி

கிராஃப் பெங்களூருக்குப் போய்விட்டது. எங்கள் இடம் நிலைத்தது.

நவம்பர் 18, வியாழன்

மழை விட்டு விட்டுப் பெய்கிறது, எனக்கு யோகம். காந்தப் புலத்தை, அதாவது காந்தத்தின் பலத்தை, மிகக் குறைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. இரும்பு இல்லாமல் வெறும் கம்பியில் பெரிய வளையங்களாக இரண்டு சுற்றினேன். பூமியின் காந்தத்தைப் போல நாலைந்து மடங்குதான் இருக்கும்.

பேனா இறங்கியது.

எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியுமா? இப்போது குழாய் ஸ்டோர் ரூமில் இரும்புக்குள் இருக்கிறது. டார்ச்சை வைத்தேன், நேர்கோடு. கூட்டாளி இல்லாத கரைசல், நேர்கோடு. கூட்டாளியோடு, இறக்கம். துளியூண்டுதான், நூற்றுக்கு அரைப் பங்கு. புலத்தைக் கூட்டினால் அந்தப் பள்ளம் தூர்ந்து மேலே ஏறிவிடுகிறது.

நவம்பர் 23, செவ்வாய்

இன்னும் நம்பவில்லை. சாரும் நம்பவில்லை. ஜன்னத் பீவியைத் தனியாக அளக்கச் சொல்லி நாங்கள் இருவரும் கேன்டீனில் உட்கார்ந்தோம். அவள் தாளோடு வந்தாள். பள்ளம் இருக்கிறது.

மிகச் சின்னப் புலத்தில் சுழற்சி மாற்றம் குறையாது, மாறாகக் கூடும், அதனால் வெளிச்சம் குறையும் என்று கோட்பாடு சொல்கிறது. இந்த வகை ஜோடிகளில் அதை அளந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். நூலகத்தில் இருந்த அவர்களுடைய வரைபடங்கள் எங்களுடையதைவிட நடுங்குகின்றன. இதை எழுதும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரிகிறது. அடக்கம் எனக்கு வராது, வர வைக்கவும் போவதில்லை.

டிசம்பர் 15, புதன், பெங்களூர்

பேசிவிட்டேன்.

முதல் படமாக ஜூலையில் எடுத்த பன்னிரண்டு பங்கு இறக்கத்தைப் போட்டேன். அரங்கமே நிமிர்ந்தது. இரண்டாவதாக டார்ச் லைட் படம். முதலில் ஒரு மூலையில் சிரிப்பு, பிறகு எல்லாப் பக்கமும். நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாவதாக மழை நாளின் ஏற்றம். நான்காவதாகப் பள்ளம். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த டாக்டர் பஞ்சநதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

எழுந்தார். பள்ளம் பற்றி அடுக்கடுக்காகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, ஒன்றைத் தவிர. அதற்குத் தெரியாது என்றேன். கடைசியில் தமிழிலேயே கேட்டார்: "இவ்வளவு அமைதியான கோடு எப்படிம்மா கெடச்சுது?"

"மழ பேஞ்சுதுங்க" என்றேன்.

2000 ஜனவரி 2, ஞாயிறு

இரண்டாயிரம் பிறந்து எந்த மெஷினும் குழம்பவில்லையாம். நெடுமாறன் கம்பெனியில் விடிய விடியக் காவல் இருந்துவிட்டுத் தூக்கக் குரலில் பேசினான். அடுத்த மாதம் அமெரிக்கா கிளம்புகிறான். இந்தத் தடவை என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. "அந்தப் பள்ளம்னா என்னக்கா, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்றான். காசு ஓடிக்கொண்டே இருந்தது, அவன் ஃபோனை வைக்கவே இல்லை.

மார்ச் 18, சனி

ஆய்வேட்டைப் போன வாரம் சமர்ப்பித்தாயிற்று.

இன்று டாக்டர் பஞ்சநதம் வந்தார். பெங்களூரிலிருந்து ரயில், தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ், கையில் ஐஸ் பெட்டிக்குள் அவருடைய கரைசல்கள். அவர்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் சின்னப் புலம் ஆடிப்போகிறதாம். எங்களுக்கு லிஃப்ட்டும் இல்லை, மாடியும் இல்லை. அறுப்பு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் கேட்காத உளுந்து. மோட்டார்களும் ஓய்வில். அவர் சுவரில் இருந்த துளையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். பூசச் சொன்ன பிரின்சிபாலே அதை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அவருடைய கரைசலை வைத்தேன். பேனா இறங்கியது. அவர் தாளின் பக்கம் குனிந்தார். "சுவிட்ச ஒரு தடவ நான் போட்டுப் பாக்கவா?" என்றார், கடையில் மிட்டாய் கேட்பதைப் போல. நகர்ந்து இடம் கொடுத்தேன். போட்டார், நிறுத்தினார், போட்டார். ஜன்னத் பீவி வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

கிளம்பும்போது, ஏப்ரலில் வேறு கரைசல்களோடு வரலாமா என்று கிளாட்சன் சாரைக் கேட்டார்.

"அந்தக் காந்தம் அவங்களோடதுங்க" என்று சார் என்னைக் காட்டினார். "அவங்களக் கேளுங்க."

இரண்டாவது வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறேன்.